விருப்பச் சாப்பாடு

காலையில் சுவரில் மணி அடிக்கும். சின்னக் கதவைத் திறந்தால் இரண்டு டப்பா இருக்கும். ஒன்று எனக்கு, ஒன்று என் வீட்டுக்காரர் செல்வமிக்கேலுக்கு. பத்தியக்கூடம் அனுப்புவது. தூத்துக்குடியில் இப்போது அடுப்பு உள்ள வீடே கிடையாது. சாப்பாடுதான் மருந்து என்று சட்டமாகிப் பல காலம் ஆயிற்று. மணிக்கட்டில் பதித்த நாடித்தகடு ரத்தத்தைப் படித்துச் சொல்லும். கூடத்தில் அதற்கேற்பச் சமைப்பார்கள். அவருக்குக் கிட்னி கெட்டதிலிருந்து உப்பும் இல்லை, புளியும் இல்லை, வெறும் கஞ்சி. முதல் வருடம் என்னைத்தான் ஏசினார், என்னமோ நானே காய்ச்சியது மாதிரி. பிறகு பழகிவிட்டார். பொய் சொல்லக் கூடாது, அந்தக் கஞ்சிதான் அவரை இத்தனை காலம் காப்பாற்றியது.

இன்று அவர் டப்பாவைத் திறந்ததும் வீடெல்லாம் மணத்தது. மாங்காய் போட்ட சீலாமீன் குழம்பும் சுடுசோறும்.

"ஏட்டி அமலி, இங்க வந்து பாரு! கிட்னி சரியாயிட்டு போலிருக்கு!"

அவர் பெரிய உருண்டையாக உருட்டி வாயில் போட்டார். உடனே இருமல், கண்ணெல்லாம் தண்ணீர்.

"என்னட்டி இப்பிடிக் கரிக்கு? நாக்கு எரியுது."

கூடத்தைத் திரையில் கூப்பிட்டேன். ஓர் இளம்பெண் வந்தாள்.

"ஏம்மா, உப்பையும் மிளகாயையும் அள்ளிக் கொட்டிட்டீங்களா?"

"இல்லம்மா. அய்யா கூடத்துல பேரு பதிவு செஞ்சப்போ விருப்பச் சாப்பாடுன்னு சொன்ன கொழம்புதான் இது. பக்குவம் நீங்க குடுத்தது. ஒரு கல் உப்புகூடக் கூடல."

உண்மைதான். அடுப்பைக் கழற்றிக்கொண்டு போன அன்று நானே சொன்ன பக்குவம். அவருடைய நாக்குக்குத்தான் உப்பு மறந்துவிட்டது.

"அப்போ பழைய கஞ்சியே அனுப்புங்க."

அவள் தயங்கினாள். "பத்தியம்ங்கறது சிகிச்சைம்மா. இனி பலன் இல்லன்னு டாக்டருங்க அய்யாவுக்குச் சிகிச்சைய நிறுத்திட்டாங்க. இருக்கற நாள்ல பிடிச்சத சாப்பிடட்டும்னுதான்…"

வாய்க்கு வந்தபடி ஏசினேன். பாவம், அவள் என்ன செய்வாள்?

எல்லாம் அவர் காதிலும் விழுந்துவிட்டது. குழம்பையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அது உன் நெஞ்சுவலிக்கு வந்தது. நீ சாப்பிடு," என்று தள்ளிவிட்டார். "இதுக்கு எவ்வளவு ஏங்கியிருப்பேன்! வந்த நேரத்துல திங்க முடியலையே, அமலி."

ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தேன். மீன் துண்டை எடுத்து, முள்ளை நீக்கி, சிவப்பெல்லாம் போகும்வரை அலசினேன். காரம் பழகாத குழந்தைக்கு அப்படித்தான் கொடுப்போம். அவர் வாயில் வைத்தேன். மெதுவாக மென்றார்.

"நல்லாருக்குட்டி," என்றார். "கஞ்சி மாதிரியே இருக்கு."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே அடுத்த துண்டை அலசினேன்.