கயித்துக் குருசடியில் ஒரு கல்யாணக் கோட்டு

"ஏ... யம்மா!"

சீனித்தாயின் அலறலில் கீழவைப்பார் விலக்கே அதிர்ந்தது.

பால் செம்பு ரோட்டில் உருண்டது.

தூத்துக்குடியிலிருந்து வந்த முதல் பஸ் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"என்ன மதினி... பாம்பா?"

"பாம்பா இருந்தா அடிச்சுப் போட்டுட்டு அடுப்பப் பத்த வச்சிருப்பேன். அங்கன பாரும்... குருசடியப் பாரும்!"

பார்த்தார்.

கல் குருசு. அதில் முதுகைச் சாய்த்து ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

கறுப்புக் கோட்டு. கழுத்து வரை பட்டன். மடியில் கோத்து வைத்த கைகள்.

கண்கள் திறந்திருந்தன. ஒரு ஈ அதில் நிதானமாக நடந்துகொண்டிருந்தது!

கீழவைப்பாருக்கு ரோடு பிரியும் அந்த விலக்கில் சீனித்தாயின் டீக்கடையையும் குருசடியையும் தவிர வேறு எதுவும் கிடையாது. ஊர் பார்க்க வருகிறவர்கள் யாரும் அங்கே இறங்குவதில்லை. ஆனால் புதுத் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் எந்த லாரியும் அங்கே நிற்காமல் போனதில்லை.

காரணம், ஒரு கதை.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், மேலே இருந்தவன் கயிற்றை விட்டதால் கடலடியில் மூச்சு முட்டிச் செத்தவன் ஒருவன் உண்டாம். அவன் கரையேறி வந்து ரோட்டில் நிற்கிறானாம். 'கயிறு கொடு' என்று கை நீட்டுவானாம். கொடுக்காத வண்டி ஊர் போய்ச் சேராதாம்.

ஆகவே டிரைவர்கள் இறங்கி, குருசில் ஒரு துண்டுக் கயிறு கட்டி, ஒரு டீயும் குடித்துவிட்டுப் போவார்கள். கயித்துக் குருசடி என்றே அதற்குப் பெயர்.

இன்ஸ்பெக்டர் வன்னியபெருமாள் ஜீப்பிலிருந்து குதித்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

"ஆளு யாருவே?"

ஏட்டு இசக்கியப்பன் தொப்பியைக் கழற்றினார். "வில்பிரட் சார். வேம்பார்க்காரன். சங்கு குளிக்கப் போறவன். கீழவைப்பார் பாஸ்கல் பர்னாந்துக்கு மருமகன்."

"எந்த பாஸ்கல்?"

"வெறச்ச கழுத்துக்காரர் சார். கலெக்டர் எதிர வந்தாலும் தோள் துண்ட இறக்கமாட்டாரு."

வன்னியபெருமாள் பிணத்தின் முன் குந்தினார். தலைமுடியில் உப்பு பூத்திருந்தது. காதுக்குள் மணல். மூக்கோரத்தில் நுரை காய்ந்த தடம்.

"தண்ணில செத்திருக்கான்..."

"கடலு ஒரு மைல் தள்ளியில்லா சார் கெடக்கு!"

"அதத்தான் நான் தலையில அடிச்சுச் சொல்லுதேன்!" சீனித்தாய் குறுக்கே பாய்ந்தாள். "கயிறு கேக்கவன்தான் கடல்ல முக்கி, இங்கன இழுத்துட்டு வந்து ஒக்கார வச்சிருக்கான்!"

"சரி. கோட்டு?"

"எந்தக் கோட்டு?"

"தல பூரா மணலு. கோட்டுல ஒரு பொடி மணல் கெடையாது. பாச்சை உருண்டை வாசம் வேற தூக்குது. ஒம்ம பேயி பெட்டியத் தொறந்து, கோட்ட எடுத்து உதறி, பட்டனும் மாட்டிவிட்டுச்சாக்கும்? எங்க வீட்டுக்காரி கூட எனக்கு இம்புட்டுச் செய்யமாட்டாளே!"

ஏட்டு குனிந்து பார்த்தார். "கல்யாணக் கோட்டு சார். இந்தக் கரையில மாப்பிள்ளைமாரு கோயில்ல தாலி கட்டும்போது போடுவாவ. பொறவு அது பொண்டாட்டி பெட்டிக்குள்ள போயிரும்."

வன்னியபெருமாள் எழுந்தார்.

"அப்போ பேய விட்டுருவோம். பெட்டிய விசாரிப்போம்!"

பாஸ்கல் பர்னாந்து தன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். எழுபதைத் தாண்டிய உடம்பு. முதுகு மட்டும் கொடிமரம்.

"வாரும் இன்ஸ்பெக்டர். காப்பி சொல்லட்டா?"

"மருமகன் செத்துக் கெடக்கான் அண்ணாச்சி."

"கேள்விப்பட்டேன். ஆண்டவர் சித்தம். அந்தக் குருசடியில கயிறு கட்டாமப் போனவனுக்கெல்லாம் இதுதான் நடக்கு."

"ஒங்க மக எங்க?"

"உள்ள படுத்திருக்கா. மேலுக்குச் சுகமில்ல. வந்து நாலஞ்சு நாளாச்சு."

"பெட்டியோடவா?"

கிழவர் தோள் துண்டைச் சரிசெய்தார்.

"வில்பிரட் முங்கும்போது மேல கயிறு பிடிக்கது யாரு?"

மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்த இளைஞன் தலை நிமிர்ந்தான். பாஸ்கலின் மகன் ரோச். அவனுடைய இரண்டு உள்ளங்கைகளிலும் கயிறு உரசிய பழைய தழும்புகள்.

"நான்தான்."

"நேத்து?"

"நேத்து கடலுக்கே போகல்ல," என்றார் பாஸ்கல்.

"போனோம்," என்றான் ரோச்.

கிழவரின் கைத்தடி தரையில் ஓங்கி விழுந்தது.

"ஏலே!"

"போனோம்ப்பா. வத்தைப் படகு கரையில கெடக்கு. நாங்க போனத ஊரே பாத்துச்சு."

பாஸ்கல் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தும் முதுகு சாயவில்லை.

"சரி. கேட்டுக்கிடும். கயிறு வழுக்கிட்டு. விபத்து. பிணத்த இருட்டோட வண்டி கட்டிக் கொண்டு போனது நான். கோட்டு மாட்டினதும் நான்."

"விபத்துன்னா எங்ககிட்ட வந்திருக்கலாமே?"

"ஒமக்கு எங்க கரை வழக்கம் தெரியாது. முங்குதவன் கயித்த உதறினா ஒடனே இழுக்கணும்; அவன் உசுரு மேல இருக்கவன் கையில. அதனால பொண்டாட்டி கூடப்பொறந்தவன் கையிலதான் கயித்தக் கொடுப்போம். மச்சான் பிடிச்ச கயித்துல ஒருத்தன் செத்தா, விபத்துன்னு எவன் நம்புவான்? 'கயித்த விட்ட குடும்பம்'னு பேராயிரும். எங்க வீட்டுல எவனும் பொண்ணு எடுக்கமாட்டான். பொண்ணு கொடுக்கமாட்டான்."

"அதனால பழியப் பேய் தலையில போட்டிய. கடல்லயே விட்டிருந்தா ஒரு குஞ்சுக்கும் தெரிஞ்சிருக்காதே?"

"என் மருமகனுக்குக் கல்லறை வேண்டாமா? பூசை வேண்டாமா? மீனுக்குப் போட்டுட்டு எந்த முகத்தோட நான் கோயில் படி ஏற?"

"கோட்டு?"

"போற வார பஸ்ஸெல்லாம் வேடிக்கை பாக்க, எங்க வீட்டு மாப்பிள்ளை கோவணத்தோட கெடக்கவா?"

வன்னியபெருமாள் மீசையைத் தடவினார். கிழவர் பொய் சொன்னதாகத் தெரியவில்லை. இந்த மனுஷனுக்குப் பொய்யும் ஒரு கௌரவத்தோடுதான் வரும்!

"அண்ணாச்சி, அந்த வழக்கம் எனக்கும் கொஞ்சம் தெரியும். கூடப்பொறந்தவ தாலிய எவனும் தன் கையால அறுக்கமாட்டான். அந்த நம்பிக்கைதானே? சரி... விபத்துன்னே எழுதிக்கிடுதேன்."

கிழவரின் நெஞ்சு ஏறி இறங்கியது.

குடும்பப் பெயர் பிழைத்தது!

"எழுதாதிய!"

உள்வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். பிளாரன்ஸ். இடது கண் வீங்கி மூடியிருந்தது. வலது கையைப் பழைய சேலைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

"ஏளா, உள்ள போ!"

"போகமாட்டேன்ப்பா." அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். "கயிறு வழுக்கல்ல சார். 'இனி அவன் கயித்த உதறினா இழுக்காத'ன்னு அண்ணன்கிட்ட சொன்னவ நான்தான்."

ஏட்டின் பென்சில் கீழே விழுந்தது.

மச்சான் தன் தங்கை தாலியை அறுக்கமாட்டான்... உண்மைதான். தங்கையே அறுக்கச் சொன்னால்?

அந்த ஒரு கேள்வியை, தலைமுறை தலைமுறையாக அந்தக் கரையில் யாரும் கேட்டதில்லை!

"ரோச்...?"

"உதறினான் சார்." அவன் குரல் தரையைப் பார்த்தே வந்தது. "கயித்துல அவன் உசுரு துள்ளுச்சு. நான் என் தங்கச்சி கண்ண நெனச்சேன். துள்ளல் நின்ன பொறவுதான் இழுத்தேன்."

"ஐயோ... ஏண்டா வாயத் தொறந்த!"

"அவன ஏசாதிய!" பிளாரன்ஸ் தகப்பனிடம் திரும்பினாள். "அடி தாங்காம எத்தன மட்டம் ஓடி வந்தேன்? அத்தன மட்டமும் அந்த விலக்கு வரைக்கும் கூட்டிட்டுப் போயி, வேம்பார் பஸ் ஏத்திவிட்டிய. 'புருசன விட்டுட்டு வந்தவ நம்ம குடும்பத்துல கெடையாது'ன்னிய. இந்த மட்டம் வயித்துல கெடந்ததும் போச்சு. அது தெரியுமாப்பா ஒங்களுக்கு?"

பாஸ்கல் பர்னாந்து மகளைப் பார்க்கவில்லை.

எழுந்தார். நடந்தார்.

தெருப்பக்கத்து ஜன்னலை இழுத்துச் சாத்தினார்.

"மெதுவாப் பேசு. வெளிய ஆள் நிக்கி."

வன்னியபெருமாளுக்கு எத்தனையோ கொலைகாரர்களைப் பார்த்துப் பழக்கம். அன்றைக்குத்தான் முதுகுத்தண்டு சில்லிட்டது... அதுவும் கொலை செய்யாத ஒருவரைப் பார்த்து!

"கெளம்புங்க. ரோச்சும் தங்கச்சியும்... அண்ணாச்சி, நீங்களும்."

"நான் எதுக்கு? நான் கொல பண்ணல்லியே!"

"கொலைய மறைச்சியளே. அதுக்கும் சட்டம் எடம் வச்சிருக்கு."

தெரு முழுக்கக் கூட்டம். கிழவர் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் ஜீப் வரை நடந்தார். ஏட்டு பின்பக்கத் தட்டியை இறக்கினார். ரோச் ஏறினான். ஒற்றைக் கையை ஊன்றி பிளாரன்ஸ் ஏறினாள். அண்ணன் அவளைத் தாங்கிப் பிடித்தான்.

பாஸ்கல் அசையவில்லை.

"பின்னால நான் ஏறமாட்டேன். இந்த ஊர்ல பாஸ்கல் பர்னாந்து எந்த வண்டியிலயும் பின்னால ஒக்காந்தது கெடையாது!"

வன்னியபெருமாள் தன் முன் சீட்டைத் துடைத்துவிட்டு, பணிவாக விலகி நின்றார்.

"தாராளமா முன்னால ஒக்காருங்க அண்ணாச்சி... அங்கன ஒக்காந்தாத்தான் ஊருக்கே மூஞ்சி நல்லாத் தெரியும்!"