நான்கு சதவீத ரத்தம்!

"பின்னாடி பார்! உனக்குப் பின்னாடி...!"

ஆங்கிலத்தில் அலறியது அமெரிக்காவில் இருந்த ஒரு பெண்மணி. அலறல் கேட்டதோ நிவித்திகல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், ஒரு லெப்டொப்பிலிருந்து!

அனிற்றா திரும்பினாள்.

தாமதம்!

கவ்வாத்துக் கத்தி அவள் தோளில் இறங்கியது. தேயிலைச் செடியைக் கிளை கிளையாக வெட்டிச் சாய்க்கிற கத்தி. பத்தொன்பது வயதுப் பெண்ணின் தோள் அதற்கு ஒரு பொருட்டா?

"அம்மாஆஆ...!"

இரண்டாவது வெட்டைக் கையால் தடுத்தாள். உள்ளங்கை பிளந்தது. ரத்தம் லெப்டொப் திரையில் தெறித்து, அமெரிக்கப் பெண்மணியின் முகத்தைப் பாதி மறைத்தது.

மூன்றாவது வெட்டு கழுத்தைத் தேடி வந்தது. அனிற்றா கூடைகளோடு சரிந்தாள். கத்தி தராசுச் சங்கிலியில் பட்டு 'ணங்'கென்று துள்ளியது. அந்தச் சங்கிலி மட்டும் அங்கே தொங்காமல் இருந்திருந்தால் இந்தக் கதை வெறும் சாவு வீட்டுக் கதை!

வெட்டிய உருவத்துக்கு முகம் இல்லை. கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் சுற்றிக்கொள்கிற படங்கை, அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பை, தலையோடு போர்த்தியிருந்தது.

லெப்டொப் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் யாரோ ஓடி வரும் சத்தம்...

உருவம் செடிகளுக்குள் பாய்ந்து மறைந்தது.

தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே இடம் அந்த மடுவம். மாலை ஆறு மணிக்கு அங்கே ஈ, காக்கை இருக்காது. இன்டர்வியூவுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

கொலைக்கும்தான்!

★

மறுநாள் காலை. இரத்தினபுரி ஆஸ்பத்திரி.

அனிற்றா கண் திறக்கவில்லை. அவள் தாய் திரேசா, மகளின் ரத்தம் காய்ந்த அதே சேலையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் அப்துல் ரஸாக் குனிந்தார்.

"யாருக்கும்மா உங்க மேல இவ்வளவு கோவம்?"

"கொழுந்து பறிக்கிறவ மேல யாருக்கு சேர் கோவம் வரும்?"

"பிள்ளைக்கு லவ்... கிவ்?"

"அதுக்கு நேரம் ஏது சேர்? ராப்பகலா படிப்புதான். அமெரிக்கா கெம்பஸுக்கு அப்ளிகேஷன் போட்டிருக்கு. நேத்து அதுக்குத்தான் இன்டர்வியூ."

"தோட்டத்துல வேற யாரும் போட்டிருக்காங்களா?"

"தங்கம்மா டீச்சர் மகன் சுரேந்திரன். அதே கெம்பஸுக்குத்தான். ஆனா டீச்சரைத் தப்பா நினைச்சிராதீங்க சேர். லெப்டொப் குடுத்ததே அவங்கதான். தெய்வம் மாதிரி மனுசி!"

ரஸாக்கின் ஒரு புருவம் மட்டும் ஏறியது. போட்டி! போட்டி என்று வந்தால் தெய்வத்தின் மகனையும் விசாரிக்கத்தானே வேண்டும்?

திரேசா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சேர்... எனக்கு அமெரிக்காவும் வேணாம், ஒண்ணும் வேணாம். பிள்ள பொழைச்சாப் போதும்."

 ரஸாக் அந்தக் கையை ஒரு முறை அழுத்திவிட்டு ஜீப்பில் ஏறினார்.

★

தங்கம்மா டீச்சரின் வீடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்தது. கணக்கு டீச்சர். கணவர் இறந்த பிறகு மகனே உலகம். கண்கள் அழுது சிவந்திருந்தன.

"பாவி யாரு சேர்? அவனைத் தூக்குல போடணும்! இருங்க, தேத்தண்ணி ஊத்துறேன்."

நாற்காலி நுனியில் சுரேந்திரன் நடுங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இப்திகார். இரத்தினபுரி டவுனில் அலுவலகம் வைத்து, வகுப்பும் எடுத்து, வெளிநாட்டுக் கெம்பஸில் யாருக்குச் சான்ஸ் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று சொல்கிறவன். அவனையும் ரஸாக்தான் வரச் சொல்லியிருந்தார்.

"தம்பி, நேத்து ஆறு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"இப்திகார் சேரோட ஒபிஸ்ல..."

"ஆமா சேர்," என்றான் இப்திகார். "என் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் சாட்சி."

ஒரே சந்தேகம். அதுவும் கையை விட்டுப் போனது! ரஸாக் பெருமூச்சு விட்டார்.

"சரி... அப்ப விளங்கப்படுத்துங்க. அந்தக் கெம்பஸ்ல இடம் கிடைக்கிறது அவ்வளவு கஷ்டமா?"

"நூறு பேரு போட்டா நாலு பேரை எடுப்பாங்க சேர். அது அவங்க நாட்டுப் பிள்ளைகளையும் சேர்த்த கணக்கு. வெளிநாட்டுல இருந்து போட்டா இன்னும் கம்மி. படிக்கிற செலவையும் நீங்களே தாங்கன்னு கேட்டா அதைவிடக் கம்மி!"

"அனிற்றாவுக்கு?"

"மார்க்கை மட்டும் பார்க்க மாட்டாங்க. பிள்ளை எந்த எடத்துல இருந்து எந்திரிச்சு வந்திருக்குன்னும் பார்ப்பாங்க. அனிற்றா லயத்துப் பிள்ளைகளுக்கு சாயங்காலத்துல பாடம் சொல்லிக் குடுத்தா. என்கிட்ட வந்ததுல அவதான் முதல். டீச்சர் கேட்டப்பவும் அதையேதான் சொன்னேன்."

"உங்ககிட்ட வந்த வேற யாராவது அங்க போட்டிருக்காங்களா? வெட்டினவன் வெளியில திரியுறான். மத்தப் பிள்ளைகளுக்குக் காவல் போடணும்."

"கொடகவெலயில ஸைனம்புன்னு ஒருத்தி..."

அடுப்படியிலிருந்து தங்கம்மா வெளியே வந்தாள். கையில் ஆவி பறக்கும் கேத்தல்.

"கொடகவெலயிலயா? எந்த எடம்? யாரு பிள்ளை? நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லியே!"

"கேக்கலியே டீச்சர். நல்ல கெட்டிக்காரி. ஆனா தெரணியகலயில மெரினான்னு இருக்கா பாருங்க, அவளுக்கு முன்னால ஸைனம்பு நிக்க முடியாது!"

தங்கம்மாவின் முகம் தளர்ந்தது. மூச்சு விட்டாள்.

"தெரணியகலயா? அது பரவாயில்ல. கேகாலை மாவட்டம்."



ரஸாக் மெல்ல எழுந்து நின்றார். அவரும் கெம்பஸுக்கு ஆள் எடுக்கிற ஏ.எல். பரீட்சை எழுதியவர்தான். நம் நாட்டில் கெம்பஸ் இடம் மாவட்டக் கணக்கு. இரத்தினபுரிக்கு இத்தனை, கேகாலைக்கு இத்தனை. கொடகவெல இருப்பதோ இரத்தினபுரி மாவட்டத்தில். பக்கத்து மாவட்டத்துக்காரி எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் நம் இடத்தைத் தொடமாட்டாள். நம் மாவட்டத்துக்காரிதான் எமன்!

"டீச்சர்... சாதாரணக் கெட்டிக்காரிக்குப் பதறினீங்க. அவளைவிடக் கெட்டிக்காரி பரவாயில்லைங்கிறீங்க. ஏன்?"

பதிலாகக் கேத்தல் பறந்து வந்தது!

ரஸாக் முகத்தைத் திருப்பினார். கொதிநீர் கழுத்தில் கொட்டியது. தோல் வழன்றது. "யா அல்லாஹ்...!"

தங்கம்மா அடுப்படிக்குள் பாய்ந்தாள். விறகுக்குப் பின்னாலிருந்து கையில் வந்தது அந்தக் கவ்வாத்துக் கத்தி!

"டீச்சர், வேணாம்!" இப்திகார் குறுக்கே போனான்.

வீச்சு! அவன் இடது காது பாதியாகி, தேத்தண்ணிக் கோப்பைக்குள் விழுந்தது. அவன் அலறிய அலறலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வெளியே ஓடி வந்தார்கள்.

கத்தி மறுபடி உயர்ந்தது.

டுமீல்!

ரஸாக்கின் குண்டு அவள் முழங்காலை உடைத்தது. விழுந்தவள் கத்தியை மட்டும் விடவில்லை. தவழ்ந்து வந்து ரஸாக்கின் காலை வெட்டப் பார்த்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பூட்ஸால் மிதித்தார். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அந்த நேரம் அவருக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. எனக்கும்தான்!

"அந்தப் பிள்ளை உங்களை என்ன செஞ்சா?"

தங்கம்மா பல்லைக் கடித்தாள்.

"எனக்கு மெடிசின் கிடைக்கல சேர். ஏன் தெரியுமா? இரத்தினபுரியோட கடைசி சீட்டை எனக்கு முன்னால இருந்தவ எடுத்துட்டா. அவ ஒருத்தி இல்லாட்டி நான் டாக்டர்! என் மகனுக்கு முன்னாலயும் ஒருத்தி நிக்கணுமா?"

"அப்ப லெப்டொப் குடுத்தது?"

"எந்த நேரம், எங்க உக்காருவான்னு தெரியணும்ல?"

இப்திகார் காதைப் பொத்திய விரல்களுக்கு நடுவே ரத்தம் வழிய, அழுகையும் ஆத்திரமுமாகக் கத்தினான்.

"அமெரிக்காவுல மாவட்டக் கோட்டா கிடையாது டீச்சர்! இரத்தினபுரின்னு ஒரு ஊர் இருக்கிறதே அவங்களுக்குத் தெரியாது! உலகம் முழுக்க ஒரே வரிசை. பல்லாயிரம் பேரு! அனிற்றாவை வெட்டினா உங்க மகன் எப்படி முன்னால போவான்? எல்லாரையும் வெட்ட உங்களுக்கு ஆயுசு போதுமா?"

"பொய்! சுரேன்... இவன் பொய் சொல்றான்தானே?"

சுரேந்திரன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"அம்மா... எனக்கு டிசம்பர்லயே இல்லைன்னு சொல்லிட்டாங்க."

"என்னடா...?"

"நான் முதல் சுற்றுலயே, அனிற்றாவுக்கு முந்தியே போட்டேன்ல. முந்தியே பதிலும் வந்துருச்சு. உங்களுக்குப் பயந்து மறைச்சேன். நீங்க அவளை வெட்டும்போது நான் வரிசையிலேயே இல்லம்மா!"

 

ரஸாக்கின் போன் அடித்தது. மறுமுனையில் திரேசா.

"சேர்! பிள்ள கண்ணைத் தொறந்துட்டா! மொத பேச்சே, 'இன்டர்வியூ பாதியில நின்னுருச்சே, அந்த மிஸ் என்ன நினைப்பாங்க'ன்னு கேக்குறா சேர்!"

வெந்த கழுத்தோடு ரஸாக் சிரித்தார். கண் கலங்கியது.

"அந்த மிஸ் நேத்துல இருந்து ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிக்கிட்டே இருக்காங்கம்மா. பிள்ளை எந்திரிச்சு உக்காரட்டும். விட்ட எடத்துல இருந்து கேக்குறாங்களாம்!"

விலங்கு மாட்டித் தூக்கி நிறுத்தியபோதும் தங்கம்மாவுக்குப் புத்தி தெளியவில்லை. இப்திகாரைப் பார்த்தாள்.

"அமெரிக்காவுல வேற கெம்பஸ் எல்லாம் இருக்கும்தானே? சொல்லுங்க... எங்களுக்குச் சான்ஸ் எப்படி?"

இப்திகார் அரைக் காதோடு சுவரோரம் ஒதுங்கினான். பதில் சொன்னவர் ரஸாக்.

"மகனுக்கு எப்படியோ டீச்சர்... உங்களுக்கு நூத்துக்கு நூறு! அப்ளிகேஷன் கூட வேணாம். நாங்களே ஜீப் வச்சுக் கூட்டிட்டுப் போறோம்!"