இரண்டு வீட்டு விளக்கு

குழாயடியிலிருந்து ஜெயசித்ரா குடத்தோடு திரும்பியபோது மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் ஏற்றவில்லை. கணவன் பூவரசன் சிமெண்ட் ஆலை ஷிப்டுக்குப் போய்விட்டான். வீட்டில் இருப்பது தூளியில் தூங்கும் கைக்குழந்தை மட்டும்.

நேற்று கரண்ட் போன பொழுதில்தான் அந்த மாடத்தில் முதன்முதலாக அகல் வைத்தாள், நல்லெண்ணெய் ஊற்றி. இன்று அகல் நிறைய விளக்கெண்ணெய். அந்த வாடை, ஈரச் சுண்ணாம்பின் நெடியோடு சேர்ந்து, தாழ்ந்த ஓட்டுக்கூரையின் கீழே மெல்லப் பரவி, தூளிச் சேலை வரைக்கும் வந்து நின்றது.

குழந்தையை எட்டிப் பார்த்தாள். தூங்கிக்கொண்டிருந்தது. வாசலுக்கு வந்தாள்.

வெள்ளைக்காரன் காலத்தில் சுண்ணாம்புக் காளவாய் ஆட்களுக்காக ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். இப்போது ஜெயசித்ராவின் வீடுதான் கடைசி. அதற்கு அப்பால் இருந்த வீடு எப்போதோ மழையில் விழுந்து, முள் மண்டிக் கிடக்கிறது.

இந்தப் பக்கத்து வீட்டு வாசலில் காத்தாயி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, எங்க வூட்டு வெளக்க நீங்க ஏத்துனீங்களா?"

"ஆமா, எங்க வூட்டுல எண்ணெ ஆறா ஓடுது பாரு" என்று சிரித்தவள், "எந்த வெளக்கு?" என்றாள்.

"கடைசிச் செவுத்து மாடத்துல."

காத்தாயியின் விரல்கள் நின்றன.

"அது ரெண்டு வூட்டுக்கும் பொதுடி. செவுத்துல தொளை விட்டுக் கட்டுனது. ஒரு வெளக்கு வெச்சா ரெண்டு பக்கமும் வெளிச்சம். இன்னிக்கு இவங்க ஏத்துனா நாளைக்கு அவங்க முறை. அந்த வூடு விழுந்ததும் அந்தப் பக்கத்த சிமெண்டு வெச்சு அடைச்சாச்சு. அதுல போயி ஏண்டி வெச்ச?"

"அந்தப் பக்கந்தான் ஆளே இல்லியேக்கா."

காத்தாயி கீரையை ஒதுக்கி வைத்தாள்.

"வெளக்கு மட்டுமில்ல. புள்ளையவும் அப்பிடித்தான் மாத்தி மாத்திப் பாத்துக்குவாங்களாம்."

உள்ளே தூளிக் கயிறு கிறீச்சிட்டது.

ஜெயசித்ரா ஓடினாள்.

கிறீச். கிறீச். யாரோ ஆட்டுகிற சீர்.

அவளுடைய தூளி அசையவில்லை. தட்டையாகத் தொங்கியது. உள்ளே கையை விட்டாள். சூடு மட்டும் இருந்தது.

கிறீச்.

மாடத்தில் சிமெண்ட் இல்லை. சுடருக்குப் பின்னால் ஓர் அறை. தாழ்ந்த உத்தரம். கனத்து ஆடும் தூளி. அதை ஆட்டிக்கொண்டிருந்தது, முழங்கை வரை சுண்ணாம்பு வெளுத்த ஒரு கை.

சுடர் சிறுத்தது.

கை நின்றது. பிறகு, அவசரமில்லாமல், துளை வழியாக நீண்டு, திரியைத் தூண்டிவிட்டது.