பெரியம்மாவின் முட்டவிழ்ப்பி

கடலகத்தில் எந்த இருவர் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தினாலும், மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் பெரியம்மா அவர்களில் ஒருவரைத் தோற்கடித்துவிடுவாள். தோற்றவரின் மணிக்கட்டில் செய்தி ஒளிரும்: ‘உங்கள் கோபம் ரத்து செய்யப்பட்டது. கோபத்துக்கு முந்தைய நிலைக்குத் திரும்பவும்.’ அப்புறம் எதிராளியின் வீட்டுக்குப் போகும் வழியைத் தவிர நகரத்தில் வேறெந்தக் கதவும் அவருக்குத் திறக்காது. மாமியார்கள் மருமகள்களைத் தேடிப் போனார்கள். நாடக சபைத் தலைவர் செயலாளரைத் தேடிப் போனார். ஒரு பல் மருத்துவர் ஒரே காலையில் பதினொரு நோயாளிகளின் வீட்டுக்குப் போய்வந்தார்.

பெரியம்மா மனுஷி அல்ல. மன்னார் வளைகுடாவின் அடியில் ஒன்பது லட்சம் பேர் வாழும் அந்த நகரத்தின் பெருங்கணினி. கல்யாண மண்டபம் போல உடம்பு. அந்த உடம்புச் சூட்டுக்காகவே வெளிச்சுவரை ஒட்டி மூன்று தலைமுறைச் சுறாக்கள் குடியிருந்தன. நாலாவது தலைமுறைக்குக் குளிர் என்றால் என்னவென்றே தெரியாது. யார் எந்த வீடு, எந்தக் கதவு, யாருக்கு யார் என்ன உறவு, அத்தனையும் அவளுடைய அட்டவணைகளில் ஒன்றோடொன்று கோத்துக் கிடந்தன. அவளிடம் ஒரு கண்டிப்பு உண்டு. எதையும் முதலில் நடப்போலை என்ற பதிவேட்டில் எழுதுவாள், பிறகுதான் செய்வாள். குழாயைத் திருகினால், ‘இன்னார் குழாயைத் திருகினார்’ என்று எழுதி முடித்த பிறகே தண்ணீர் வரும். இமைப்பதற்குள் இருபது லட்சம் பதிவு எழுதுகிறவள் என்பதால் யாருக்கும் தாமதம் தெரியாது.

முப்பது வருஷமாக அவளைப் பராமரிக்கிற நிர்வாகி அமலோற்பவம். அட்டவணைகளை ஒழுங்குபடுத்துவார், நகல் எடுத்து வைப்பார், மெதுவாக ஓடும் தேடல்களைத் தலையில் குட்டி விரட்டுவார். பெரியம்மாவின் ஒரு விசிறி இருமினால் தூக்கத்திலேயே எழுந்து உட்காருவார்.

முட்டி நிற்பதை அவிழ்த்துவிடும் இந்த முட்டவிழ்ப்பி விதி அவருடைய வேலைதான். கணினிக்குள் இரண்டு வேலைகள், ஒன்று பிடித்திருப்பதை மற்றது விடட்டும் என்று காத்துக் கிடந்தால் இரண்டுமே நகராது. அப்போது குறைவாக எழுதியது எதுவோ அதைப் பெரியம்மா ரத்து செய்வாள். “மனுஷங்களும் இப்படித்தான முறைச்சிக்கிட்டு நிக்காக?” என்று ஐந்து வருஷத்துக்கு முன் அமலோற்பவம் அதே விதியை ஊருக்கும் போட்டார். நடப்போலையில் யார் பேரில் பதிவு குறைவோ அவர் தோற்றார்.

நாலு மாதம் ஊர் சொர்க்கமாக இருந்தது. பிறகு ஜனங்கள் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பதிவு சேர்ப்பதற்காகவே குளிர்பெட்டியை நாளைக்கு எழுபது தடவை திறந்து மூடினார்கள். ஒருவர் சம்பந்தி வீட்டுக்குச் சண்டைக்குப் போகுமுன் மூன்று நாள் லிஃப்ட்டில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார். சாப்பாடு லிஃப்ட்டுக்கே போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நடப்போலையைக் கவனிக்கும் கலிபுல்லா, ஐம்பத்தைந்து வயதுத் தொப்பையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

“அக்கா, ஓலை நிரம்பப் போகுது. பத்தரை மணிக்கு மேல எழுத இடமில்ல.”

எழுதாவிட்டால் எதுவும் நடக்காது. கதவு கிடக்கட்டும், காற்று தரும் விசிறிகளும் நின்றுவிடும்.

“பழசைக் கழிச்சு விடுங்க பாய்.”

“பெரியம்மா விடமாட்டேங்கா. மூணு நாள் கெடு தாண்டியும் முடியாத சண்டை ஒண்ணு அடியில கிடக்கு. அது முடியாம, அதுக்குப் பிறகு எழுதின ஒத்தைப் பதிவைக்கூடத் தொடக்கூடாதுங்கா.”

“மூணு நாள்ல முட்டவிழ்ப்பி முடிச்சிருமே! எந்த முரட்டு ஜென்மங்க அது?”

கலிபுல்லா கூரையைப் பார்த்தார். “உங்க வீட்டுச் சண்டைதான் அக்கா. அஞ்சு வருஷம் ஆச்சு.”

உலகத்து நிர்வாகிகள் எல்லாரும் செய்கிற காரியத்தைத்தான் அமலோற்பவமும் செய்திருந்தார். புது விதியைச் சோதிக்கும்போது தன் பேரை மட்டும் விலக்கி வைத்தார். சோதனை முடிந்ததும் அதை எடுக்க மறந்துபோனார். அதே வாரம்தான் கல்யாண நாளும் வந்தது. பம்பு மெக்கானிக்கான கணவர் சந்தியாகு பிரியாணி ஆறும்வரை காத்திருந்துவிட்டு, “ஒனக்கு என்னைவிடப் பெரியம்மாதான் பெருசு” என்றார். அட்டவணை வேலையில் இருந்த அமலோற்பவம் தலையைத் தூக்காமல் “ஆமா” என்றார். சந்தியாகு பன்னிரண்டாம் மாடிக்குக் குடிபோனார்.

“விலக்கை எடுத்துட்டா பெரியம்மாவே தீர்ப்புச் சொல்லிருவா,” என்றார் கலிபுல்லா.

“எடுங்க. அவருதான் தோப்பாரு. முப்பது வருஷம் நான் உழைச்ச உழைப்பென்ன, பம்புல கை நனைக்கிற உழைப்பென்ன!”

பெரியம்மா இருவர் பேரிலும் உள்ள பதிவுக் கணக்கைக் காட்டினாள். சந்தியாகு: பன்னிரண்டு லட்சம். அமலோற்பவம்: நாற்பத்தொன்று.

பராமரிப்பு வேலையை ஓலையில் எழுதினால் இடம் வீண் என்று, எழுதாமல் செய்ய வைத்தவரே அமலோற்பவம். பொதுக் கதவுகளையும் அவருடைய நிர்வாகச் சாவி பதிவில்லாமலே திறக்கும். சந்தியாகு போனதிலிருந்து அவர் குடியிருப்பதும் பெரியம்மாவின் பராமரிப்பு அறையில்தான்; அங்கே குழாய்த் தண்ணீர்கூடப் பதிவில்லாமல் வரும். மணிக்கட்டில் செய்தி ஒளிர்ந்தது. கலிபுல்லா வாயைப் பொத்திக்கொண்டார். தொப்பை மட்டும் குலுங்கியது.

“நான் போகலன்னா?”

“ஒம்பது லட்சம் பேருக்கு மூச்சு முட்டும் அக்கா. எனக்கு முதல்ல.”

பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அமலோற்பவம் பன்னிரண்டாம் மாடியில் மணியை அடித்தார். சந்தியாகு திறந்தார். மீசை முழுக்க நரைத்திருந்தது.

“மன்னிச்சிருங்க. அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

“உள்ள வாளா. நாப்பத்திரண்டாவது தடவைதான் மணி அடிக்கணும்னு தோணிச்சோ?”

வீட்டுக் கதவுகள் நிர்வாகச் சாவிக்குக் கட்டுப்படாதவை. வாசலில் வந்து நிற்பவரை அவை எழுதிவிடும். அமலோற்பவம் பேரில் இருந்த நாற்பத்தொரு பதிவும் இந்த வாசலில் வந்து நின்று, திரும்பிப்போனவை.

“எண்ணினீகளா?”

“தினமும் ஓலையை எடுத்து வாசிப்பேன். ஒம் பேருல இது மட்டுந்தான இருக்கு.”

“அப்பம் கதவைத் திறந்திருக்கலாம்லா?”

“திறந்தா நான் தோத்திருப்பேன்லா,” என்றார் சந்தியாகு. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சண்டை முடிஞ்சா நீ வந்துபோனதையும் பெரியம்மா கழிச்சிருவாளே. அதான்.”

அமலோற்பவம் மன்னிப்புக் கேட்ட கையோடு திட்டவும் தயாராகத்தான் வந்திருந்தார். திட்டாமல் சந்தியாகுவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். ஐந்து வருஷத்து ஓலை மளமளவென்று கழிந்தது. விசிறிகள் ஒரு பெருமூச்சு விட்டுச் சீராகச் சுழன்றன.

அப்போது மணி பத்து. ஊரில் அன்று தீர்ப்புக்கு நின்ற சண்டைகள் முப்பத்தோராயிரம். ஓலை அடியோடு கழிந்துவிட்டதால் எல்லார் பேரிலும் பதிவு பூஜ்யம். சமமாக வந்தால் என்ன செய்வது என்று அமலோற்பவம் விதி எழுதவே இல்லை. அப்படி வரும் என்று யார் கண்டது? பெரியம்மா தனக்குத் தெரிந்த நியாயப்படி இரண்டு பேரையும் தோற்கடித்தாள்.

பத்தரைக்குக் கலிபுல்லா தொலைபேசியில் வந்தார். “அக்கா, அறுபத்திரண்டாயிரம் பேர் அடுத்தவங்க வாசல்ல நிக்காக. இவர் அங்க போயிட்டார், அவர் இங்க வந்துட்டார், வீட்டுல யாருமில்ல. திரும்பி வரவும் கதவு திறக்கல.”

“அவுக கையிலயும் போன் இருக்குல்லா பாய்? எங்க இருக்கீகன்னு ஒரு வார்த்தை கேட்டாப் போச்சு.”

“அதைத்தான் அக்கா, யாரும் முதல்ல செய்யமாட்டேங்காக.”