வலப்பக்கப் படலம்

14 நவம்பர் 2003. ஒரு திருத்தம். இடப்பக்கம் சுரண்டுகிறது என்று நேற்று எழுதியது என் தவறு. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே எழுதிவிட்டேன். சுரண்டுவது வலப்பக்கம்.

நாட்குறிப்பில் இப்படி எழுதியதும் சுகாசினிக்கு வழக்கமான சந்தேகம் வந்தது. சுரண்டல்தானா, பிரமையா? அண்ணன் ஜான்சனின் ஆட்டோ கவிழ்ந்து அவளுக்குக் கீழ்த்தாடையில் இரு பக்கமும் பல் போயிருந்தது. புதுப்பல் பதிக்க எலும்பு போதாதென்று டாக்டர் ஸ்ரீகர் எலும்புத்தூள் நிரப்பி மூடியிருந்தார். இடப்பக்கம் தானே கரையும் கொலாஜன் படலம். வலப்பக்கம் டைட்டானியம் வைத்த கரையாத படலம். "எது நன்னா எலும்பு வளர்க்கறதுன்னு ஒரே வாயில பாத்துடலாமே" என்றார். வேகமாக வளரும் ஈறு உள்ளே புகுந்து எலும்பின் இடத்தைப் பிடிக்காமல் படலம் தடுக்கும். பல் மருத்துவ உதவியாளர் மாலை வகுப்பில் அவளும் படித்ததுதான். உள்ளேயே ஏதாவது இருந்தால் என்ன ஆகும் என்று அங்கே யாரும் சொல்லித்தரவில்லை.

செவிலிமேட்டில் பொழுது சாய்ந்து, கரண்ட்டும் போய், பக்கத்து வீட்டுத் தறிச்சத்தம் அடங்கி, மண்ணெண்ணெய் வாடையும் வாய் கொப்பளிக்கும் மருந்தின் கசப்பும் அறையில் தேங்கி நின்றபோது, எலும்பில் நகத்தை இழுப்பதுபோல் அந்தச் சுரண்டல் மட்டும் கேட்டது.

"வாய்க்குள்ள தறி ஓட்டிக்கினு இருக்கியாம்மா?" ஜான்சன் சிரித்தான். அவள் வாய் மூடியிருந்ததைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"உனக்கும் கேக்குதாண்ணா?"

"டாக்டருக்குப் போன் போடறேன். இப்பவே எல்லாத்தையும் வழிச்சு எடுக்கச் சொல்றேன்."

"எடுத்தா எலும்பும் போயிடும்ணா. அப்புறம் சாவுற வரைக்கும் கழட்டி மாட்டுற பல்லுதான்."

"உசுரு பெருசா, பல்லு பெருசா?"

"ரெண்டும் என்னுது."

அவன் தெருமுனை பூத்துக்கு ஓடினான். அவள் இடது கையில் டார்ச்சைப் பிடித்து, கண்ணாடிமுன் நின்று கன்னத்தை விலக்கினாள். வலப்பக்க ஈறு வெளுத்து மேடிட்டிருந்தது. மேடு அசைந்தது.

"இது என் தாடை" என்று சொல்லிவிட்டு, சுட்டுவிரலால் அழுத்தினாள். உள்ளிருந்து பதிலுக்கு அழுத்தியது. அவள் விடவில்லை. இன்னும் அழுத்தினாள்.

ஈறு பிளந்தது. வலி இல்லை. ரத்தம் இல்லை. அரிசிபோல் வெள்ளை. பக்கத்தில் இன்னொன்று. மேலே ஒரு வரிசை. கீழே ஒரு வரிசை. பால் பற்கள்.

திறந்தன. மூடின. அவள் விரல்மேல்.

அவள் விரலை இழுக்கவில்லை. டார்ச்சை மேசையில் வைத்தாள். அது மெல்லும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, இடது கையால் பேனாவை எடுத்துக் கோணல்மாணலாக எழுதினாள்:

நாளை காலை டாக்டரிடம் போக வேண்டும். வலப்பக்கத்தைத் திறந்து, எலும்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுக்கச் சொல்ல வேண்டும்.