பட்டைகளுக்கு நடுவே

இயந்திரம் நின்று வெகு நேரமாகியும் இறக்கையின் உட்சுவர் ஓயவில்லை. சோதனைக்கூடத்தில் படுக்கைவாட்டில் மாட்டியிருந்த காற்றாலை இறக்கைக்குள், விரிசல் தேடித் தவழ்ந்து போயிருந்த சோதனையாளர் கைவிளக்கைத் திருப்பினார். எத்தனை காலம் தாங்கும் என்று பார்க்க இயந்திரத்தால் மாதக்கணக்காக மேலும் கீழுமாக ஆட்டிய இறக்கை அது. கண்ணாடி இழையை ரெசின் பசையில் தோய்த்துச் செய்த மெல்லிய தோல், அது மடங்கிவிடாதிருக்க உள்ளே நெடுக ஒட்டிய பட்டைகள். இரண்டு பட்டைகளுக்கு நடுவே தோல் மெல்ல உப்பியது, அடங்கியது, மறுபடியும் உப்பியது. ரெசின் வாடையில் தொண்டை கமறியது.

வாக்கி-டாக்கியில் வெளியே நின்ற மைத்துனனைக் கூப்பிட்டார்.

"மாப்ள, மெஷினப் போட்டுட்டியா?"

"சாவி என் பாக்கெட்ல இருக்கு மச்சான். என் தொப்பைக்கு உள்ள இடமில்லன்னுதான உங்கள அனுப்பினேன். சீக்கிரம் வாங்க, உங்க பாப்பா ஸ்கூல் வாசல்ல தனியா நிக்கிறாளாம்."

திரும்ப இடமில்லை, பின்னாலேயே தவழ வேண்டும். தவழ்ந்தார். எங்கோ 'பட்' என்றது. பட்டைகள் பசை விட்டுப் பிரிந்தால் தோல் மடிந்து ஆளை நசுக்கிவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. உயிரில்லாத பொருள் மூச்சு விடாது என்பதும் தெரியும். தெரிந்து என்ன பயன்? அவர் மூச்சை இழுத்தால் சுவர் உப்புகிறது, விட்டால் அடங்குகிறது.

மூச்சைப் பிடித்துப் பார்த்தார்.

சுவரும் நின்றது.

முழங்கை தேய, மூச்சடக்கியபடி பின்னால் நகர்ந்தார். வாசல் வரவில்லை. நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. கடவுளே, குழந்தை தனியா நிக்குதே. முடியவில்லை. மூச்சை விட்டுவிட்டார்.

சுவர் அசையவில்லை.

'பட்.'

"மச்சான், ஏதோ உடையற சத்தம் கேக்குது. பட்டை விடுதா?"

விளக்கை அடித்துப் பார்த்தார். ஒரு பட்டைகூட விடவில்லை. கீறல் இல்லை. இறக்கை இன்று வார்த்து எடுத்தது போல வழவழவென்று இருந்தது.

'பட். பட்.'

சத்தம் சட்டைக்குள்ளிருந்து வந்தது.

பொத்தான்களைப் பிய்த்தார். விளக்கு வெளிச்சத்தில், இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே தோல் மெல்ல உப்பிக்கொண்டிருந்தது. அவர் மூச்சை இழுக்கவில்லை. அது உப்பிக்கொண்டே போனது.

"மச்சான்? வெளிய வந்துட்டீங்களா?"

அடங்கவில்லை.