அக்கா மாரி

தேவப்பிரியம் சோற்றுத் தட்டை முகர்ந்து பார்த்தாள். பிறகு சத்தம் வராமல் அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

அடைக்கலமேரி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கைக்கு முப்பது வயதாகிறது; புத்தி மட்டும் சின்னப் பிள்ளை வயதோடு நின்றுவிட்டது. அம்மா போனபின் அக்கா ஊட்டினால்தான் சாப்பிடுவாள். முகர்ந்து பார்க்கிற வழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது.

"இன்னாடி, மீனு புடிக்கலயா?"

தேவப்பிரியம் சுவரோரம் ஒண்டிக்கொண்டாள். "எங்கக்கா எங்க?"

"நான்தாண்டி."

"நீ அக்கா மாரி கீறே. அக்கா இல்ல."

தெருமுனை டாக்டர் சிரித்தார். "புத்தி வளராத பொண்ணு, எதையாவது சொல்லும். பொறவியே அப்டித்தான்" என்று சத்து மாத்திரை கொடுத்தனுப்பினார்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாமே சந்தேகமாயிற்று. துறைமுகத்துக்குப் போகும் கரி இஞ்சினின் கடகடப்பு அடங்கி, கருவாட்டு வீச்சம் கடல்காற்றோடு வந்து சுவரெல்லாம் அப்பிக்கொள்ளும் சாயங்கால நேரத்தில், உள்ளறையில் தங்கை யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பது கேட்கும். அக்காவின் காலடி கேட்டதும் பேச்சு நின்றுவிடும். யார் இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள்? பக்கத்து வீட்டு வியாகுலம்மாளா? இல்லை, தங்கையே நடிக்கிறாளா?

அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநோய் பார்க்கும் டாக்டரம்மா தேவப்பிரியத்திடமே கேட்டாள். இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"சாப்பாடு ஏம்மா வேணாங்கிறே?"

"அவ வெசம் வைக்கிறா."

டாக்டரம்மாவின் பார்வை அடைக்கலமேரி மேல் கொஞ்சம் அதிக நேரமே நின்றது. "இந்தப் பயம் எப்பலேர்ந்து?"

"ஈஸ்டருக்கு அப்புறந்தாம்மா. அதுக்கு முன்ன சிரிச்சிக்கினே இருக்கும்."

"அப்ப இது பிறவிக் குறை இல்ல. குறை வேற, நோய் வேற. நமக்கு வர்ற மனநோய் இவளுக்கும் வரும். மாத்திரை தர்றேன், குணமாகும்."

பஸ்ஸில் அடைக்கலமேரிக்கு அழுகை வந்தது. நோய்தான். வெறும் நோய். தங்கையின் கையைப் பிடித்தாள். அவள் வெடுக்கென்று உருவிக்கொண்டாள்.

மறுநாள் பொழுது சாய்கையில் அடைக்கலமேரி கிருஷ்ணாயில் வாங்கிக்கொண்டு திரும்பினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

சிரிப்புச் சத்தம். தங்கையின் பழைய சிரிப்பு.

சன்னலுக்குப் போனாள்.

தேவப்பிரியம் தரையில் சம்மணமிட்டு, வாயை ஆவென்று திறந்திருந்தாள். சோற்றுருண்டையோடு ஒரு கை வாய்வரை போய் வந்தது. ஊட்டுகிறவள் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

தன்னுடைய அதே கொண்டை. அதே ரவிக்கை. அதே பிடரி.

கண்ணாடியில்கூட அடைக்கலமேரி தன்னை இப்படிப் பார்த்ததில்லை.

கூப்பிட வாயெடுத்தாள். குரல் எழும்பவில்லை.

தேவப்பிரியம் சன்னலைப் பார்த்துவிட்டாள். சிரிப்பு நின்றது.

"அங்க பாக்காத, கண்ணு" என்றது உள்ளேயிருந்து அடைக்கலமேரியின் குரல். "அது நான் இல்ல. நீ சாப்புடு."